தண்ணீருக்குப் பட்டா உண்டா?

இந்த இதழின் கேள்விகள் முழுக்கச் சென்னையைப் பற்றி. கோடையில் கேட்டால் தண்ணீர் இல்லை என்பார்கள், ஐப்பசியில் கேட்டால் தண்ணீர் வடியவில்லை என்பார்கள் என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதமாகப் பார்த்துக் கேட்டோம். இரண்டு புகாரும் சேர்ந்தே வந்துவிட்டன.

சென்னை எப்போது 'மெகா நகரம்' ஆனது? யாரும் சொல்லவே இல்லையே!
*— கல்லூரி மாணவி, தாம்பரம்*

ஒரு கோடிப் பேரைத் தாண்டினால் ஐ.நா. அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடும். 2018 கணக்கிலேயே புறநகரோடு சேர்த்து நாம் தாண்டிவிட்டோம். அன்றைக்கும் வழக்கமான நெரிசல் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. 174 சதுர கி.மீ. இருந்த மாநகராட்சி 2011ல் ஒரே மூச்சில் 426 ஆனது. பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189 சதுர கி.மீ.லிருந்து 2022ல் 5,904 ஆக விரிந்தது. அரக்கோணம் பக்கத்துக் கிராமங்கள்கூட இப்போது காகிதத்தில் சென்னைதான். அங்கிருந்து காலை ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவர் இனிமேல் 'சென்னைக்குப் போகிறேன்' என்று சொல்லக் கூடாது. 'உள்ளூரில்தான், வந்துவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

மழை எச்சரிக்கை வந்ததும் எங்கள் ஏரியாக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிறோம். தப்பா சார்?
*— முதல் மாடி வாசகர், வேளச்சேரி*

ஊரில் மேடு எது, பள்ளம் எது என்பது கட்டட அனுமதி கொடுத்தவர்களைவிட உங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. இதைப் போக்குவரத்து விதிமீறல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நில அளவை என்றே சொல்வேன். காருக்கு இடம் பார்த்துவிட்டீர்கள். தரைத்தளத்துப் பாட்டிக்கு?

வருஷத்துக்கு 140 செ.மீ. மழை பெய்கிற ஊருக்கு எதற்குத் தண்ணீர் லாரி?
*— இல்லத்தரசி, மடிப்பாக்கம்*

லண்டனில் பெய்வது சுமார் 60 செ.மீ.தான். ஆனால் அங்கே வருஷம் பூராவும் சிணுங்கிக்கொண்டே பெய்யும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழை தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. சம்பளம் மொத்தமாக ஒரே நாளில் வருகிற வீட்டில் பெட்டி பெரிதாக இருக்க வேண்டாமா?

நம் பெட்டியின் அளவைப் பாருங்கள். நகரத்துக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டி.எம்.சி. தண்ணீர் வேண்டும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், 2020ல் சேர்ந்த தேர்வாய்கண்டிகை ஐந்தும் ததும்பி நின்றாலும் பன்னிரண்டு டி.எம்.சி.க்குக் கொஞ்சம் குறைவு. வெயில் குடித்தது போக மிச்சம்தான் நமக்கு. 2015ல் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். அந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் இரண்டரை டி.எம்.சி. ஆகும். அதாவது இரண்டரை மாதக் குடிநீர், அடையாற்றங்கரை வீடுகளின் பீரோ, கட்டிலோடு சேர்ந்து கடலுக்கு.

நாலு வருஷம்கூட ஆகவில்லை. 2019 கோடையில் அதே ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜூலை 12ல் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. வந்தது 25 லட்சம் லிட்டர். அந்த வறட்சியிலும் குடிநீர் வாரியம் குழாயிலும் லாரியிலுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது நாளுக்கு 52 கோடி லிட்டர். நூறில் அரைப் பங்குகூடத் தேறாத தண்ணீருக்கு அத்தனை கேமரா!

கிருஷ்ணா நீர் 1983 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வர வேண்டும்; பெரும்பாலான ஆண்டுகளில் அதில் பாதிகூட வந்ததில்லை. வீராணத்திலிருந்து 235 கி.மீ. குழாய் போட்டுக் கொண்டுவருகிறோம். அதுவும் போதாமல் கடலுக்குப் போனோம்: 2010ல் மீஞ்சூர், 2013ல் நெம்மேலி, 2024ல் மறுபடி நெம்மேலி, அடுத்து பேரூரில் நாளுக்கு 40 கோடி லிட்டருக்கு ஒன்று. பக்கத்து மாநிலத்து ஆறு, தொலைதூர மாவட்டத்து ஏரி, வங்காள விரிகுடா என்று எல்லா வாசலிலும் குடத்தோடு நின்ற நாம், தெருக்கோடியில் இருக்கும் ஏரியைத் தூர்வாருவதை மட்டும் கடைசியாக வைத்துக்கொண்டோம். உங்கள் மடிப்பாக்கத்திலேயே ஒரு ஏரி இருக்கிறதே அம்மா. அதன் கரையில் கடைசியாக எப்போது நடந்தீர்கள்?

2003லேயே மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டிவிட்டோம். இன்னும் என்ன செய்ய?
*— குடியிருப்போர் சங்கச் செயலாளர், அண்ணா நகர்*

திறந்து பாருங்கள். அவசரச் சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு கட்டவைத்ததில் கிணறுகளில் நீர் ஏறியது கண்கூடு. நாடே நம்மைத் திரும்பிப் பார்த்தது. பார்த்தவர்கள் போனதும் மூடியை மூடியவர்கள் பலர் இன்னும் திறக்கவில்லை. மணலும் கூழாங்கல்லும் மாற்றாத தொட்டி மழைநீரைச் சேகரிக்காது, கொசுவைச் சேகரிக்கும்.

எங்கள் தெரு 'லேக் வியூ ரோடு'. ஐம்பது வருஷமாக ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன், எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது.
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், மேற்கு மாம்பலம்*

நூறு வருஷம் முந்திப் பிறந்திருக்க வேண்டும் ஐயா. மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியில் வெள்ளைக்காரர்கள் படகுப் போட்டியே நடத்தினார்கள். 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் போட்டார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மழைக்கென்றே தனி அதிகாரம் எழுதியவருக்கு ஏரியை மூடிக் கோட்டம்! ஸ்பர் டாங்க் ரோடு, டாங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா என்று பெயர்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. ஏரிக்கு மரியாதை செய்யத் தெரியாத ஊர் என்று நம்மை யாரும் சொல்லிவிட முடியாது.

எதற்கெடுத்தாலும் பில்டரைத் திட்டுகிறீர்கள். சதுப்பு நிலத்தை நாங்கள் மட்டுமா அழித்தோம்?
*— பெயர் வேண்டாம் என்கிற பில்டர், நாவலூர்*

இல்லை. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள், அடிக்கடி கிடைக்காது.

பள்ளிக்கரணையைத் தரிசு என்று முதலில் எழுதிவைத்தது அரசாங்கக் காகிதம். அங்கே நெல்லும் விளையாது, வரியும் வராது. ஆகவே மாநகராட்சி பெருங்குடிப் பக்கம் குப்பையைக் கொட்டியது. பறக்கும் ரயிலுக்கு நிலையம் வந்தது. சாலை அதைக் குறுக்கே வெட்டியது. கடலை ஆராயும் தேசிய நிறுவனமும் காற்றாலையை ஆராயும் தேசிய நிறுவனமும் அந்தச் சதுப்பின் ஓரத்திலேயே இடம் வாங்கின. கடலையும் காற்றையும் ஆராய்ந்தவர்களுக்குக் காலடியில் இருந்த சேறு கண்ணில் படவில்லை. அதன் பிறகுதான் ஐ.டி. கம்பெனிகளும், அவர்கள் பின்னால் நீங்களும்.

அந்தச் சேறு செய்கிற வேலை சின்னதல்ல. தென்சென்னை ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்றுக்கு வழிந்து, கடைசியில் வந்து இறங்கும் தாம்பாளம் பள்ளிக்கரணை. அங்கே தண்ணீர் பரவி நின்று, ஒக்கியம் மடுவு வழியாக மெதுவாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலைச் சேரும். மெதுவாக என்பதுதான் இதில் முக்கியம். தாம்பாளத்தைச் சுருக்கினால் தண்ணீர் வேறு இடம் தேடும். வேளச்சேரியில் கார் ஏன் பாலம் ஏறுகிறது என்று இப்போது புரிகிறதா?

2007ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022ல் சுமார் 1,247 ஹெக்டேருக்கு ராம்சார் அங்கீகாரம் வந்தது. சதுப்பைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புது அனுமதியை நிறுத்திவைக்கும்படி 2025ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. உடனே உங்கள் சங்கத்தார் 'தொழில் படுத்துவிடும்' என்றார்கள். ஒன்று கேட்கட்டுமா? உங்கள் விளம்பரப் பலகையில் 'பூநாரைகளைப் பார்த்தபடி காபி' என்று போடுகிறீர்களே, அந்தப் பூநாரை எந்தத் தளத்தில் குடியிருக்கும்?

கூவத்தோரம் இருந்தபோது ஆக்கிரமிப்பு என்றார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று இங்கே கொண்டுவந்தார்கள். இங்கேயும் தண்ணீர் நிற்கிறது. நான் எந்த ஊர்க்காரி?
*— வீட்டு வேலை செய்பவர், பெரும்பாக்கம்*

இந்தக் கேள்விக்குக் கிண்டலாகப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

1970ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது அது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தது. சாக்கடை வசதி மோசம், பராமரிப்பு மோசம் என்று ஆயிரம் சொல்லலாம். ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறவில்லை, வேலைக்கு நடந்தே போக முடிந்தது. 2000 வாக்கில் கண்ணகி நகரில் தொடங்கி, செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஆயிரக்கணக்கில் வீடுகளை அடுக்கினார்கள். நகரத்துக்குள் நிலம் விலை ஏறிவிட்டது என்பது காரணம். அங்கே நிலம் ஏன் மலிவாகக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. தாழ்வான நிலம், அதனால் மலிவு. வெள்ளத்துக்குத் தப்பவைக்க வெள்ளம் வருகிற இடத்திலேயே வீடு கொடுத்திருக்கிறார்கள்.

2021ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். நல்ல பெயர். மயிலாப்பூரில் பாத்திரம் தேய்க்கக் காலை ஐந்து மணிக்கே பஸ் பிடிக்கிற உங்களுக்கு அது எந்த விதத்தில் மேம்பாடு என்பதைப் பெயர் வைத்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் தகரக் கொட்டகை ஆக்கிரமிப்பு, ஏழு மாடிக் கட்டடம் வளர்ச்சி என்று ஆறு எப்போதும் பிரித்துப் பார்த்ததில்லை. நீங்கள் சென்னைக்காரி. பஸ் நேரத்தை மட்டும்தான் வேறு யாரோ தீர்மானித்துவிட்டார்கள்.

கடல்நீரைக் குடிநீராக்குவது பசுமைத் திட்டம்தானே?
*— பொறியியல் மாணவர், கிண்டி*

ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் தின்னும். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு எங்கே வேகிறது என்று அடுத்த கடிதத்தில் பாருங்கள்.

வடசென்னையைப் பற்றி வெள்ளம் வந்தால்கூடப் பேச மாட்டீர்களா?
*— மீனவர், எண்ணூர்*

தென்சென்னைக்கு ஏ.சி. ஓடுவதற்கான நிலக்கரி உங்கள் வாசலில் எரிகிறது. அதன் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிகிறது. ஆழம் குறைய, இறாலும் நண்டும் குறைகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணெய்ப் படலமும் வந்தது. வலையில், படகில், வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு. வேளச்சேரிக்காரர் காரைப் பாலத்தில் ஏற்றினார். நீங்கள் மக்கு கொண்டு எண்ணெய் மொண்டீர்கள். ஊரின் கழிவையெல்லாம் வடக்கே தள்ளிவிட்டுத் தெற்கே பசுமை விருது வாங்குவதற்குப் பெயர் நீடித்த வளர்ச்சி என்றால், அது நீடிப்பது உங்கள் செலவில்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் முடிந்தால் நெரிசல் தீர்ந்துவிடுமா?
*— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்*

சுமார் 119 கி.மீ., 63,246 கோடி ரூபாய். தீர வேண்டும். ஆனால் நிலையத்திலிருந்து வீடு வரையிலான ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மினி பஸ்ஸும் இல்லை, நடைபாதையும் இல்லை என்றால் நீங்கள் பைக்கை எடுப்பீர்கள். எடுத்த பைக் நேராக அலுவலகத்துக்கே போய்விடும்.

இந்த ஊரில் தண்டவாளத்தைவிட அதிகம் பேரை நகர்த்துவது பஸ். 2021லிருந்து பெண்கள் சாதாரணக் கட்டணப் பேருந்தில் காசில்லாமல் போகிறார்கள். 'ஓசி' என்று முணுமுணுப்பவர்கள், மேம்பாலத்தில் தாங்கள் காரோட்டக் காசு கொடுத்ததில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு வேடிக்கை கேளுங்கள். 1895ல் இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியது இந்த ஊரில்தான். 1953ல் நிறுத்தினோம். 2025ல் வியாசர்பாடியிலிருந்து மின்சாரப் பேருந்து விட்டுப் புதுமை என்று கொடியசைத்தோம். பஸ், ரயில், மெட்ரோவை ஒருங்கிணைக்கும் ஆணையத்துக்கு 2010ல் சட்டம் போட்டு, 2022ல் உயிர் கொடுத்து, 2025ல் ஒரே டிக்கெட்டுக்குச் செயலி வந்தது. செயலியில் ஒரே டிக்கெட் கிடைக்கிறது. வேளச்சேரியில் நின்றுபோன பறக்கும் ரயில் பரங்கிமலை வரையிலான ஐந்து கிலோமீட்டரைத் தாண்டப் பட்ட பாடு தனிக் கதை.

அந்தப் பறக்கும் ரயிலின் தூண்களை எங்கே நட்டார்கள் தெரியுமா? பக்கிங்காம் கால்வாய்க்குள். 1877-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய கால்வாய் அது. நிலம் எடுக்க வேண்டாம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். தண்ணீருக்கு வக்கீல் கிடையாது அல்லவா?

நடைபாதையில் நடப்பது எப்படி?
*— மூத்த குடிமகன், புரசைவாக்கம்*

பக்கவாட்டில். போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒதுக்குவோம் என்று 2014ல் மாநகராட்சி கொள்கையே வகுத்தது. பாண்டி பஜாரில் 2019ல் அகலமாகப் போட்டுக் காட்டினார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. நடக்க ஆசை வந்தால் அங்கே ஆட்டோவில் போய் நடந்துவிட்டு வாருங்கள்.

சென்னையைச் சிங்கப்பூர் ஆக்க முடியுமா?
*— தொழிலதிபர், நுங்கம்பாக்கம்*

முடியும். அங்கே கார் வாங்குவதற்கு முன் கார் வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியதும் உண்டு. உங்கள் வீட்டில் எத்தனை கார் என்று சொல்லுங்கள், வேலையை ஆரம்பித்துவிடலாம்.

கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவதில் மட்டும் சிங்கப்பூரைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. 1990களிலேயே மணலித் தொழிற்சாலைகள் நம் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து பயன்படுத்தின. 2019ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கடல் ஆலைக்குக் கிடைக்கிற மேடையும் மைக்கும் இதற்குக் கிடைப்பதில்லை. சாக்கடைக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

ஜகார்த்தா மூழ்குகிறது என்று இந்தோனேசியா தலைநகரையே மாற்றுகிறதே, நாமும்...?
*— வங்கி அதிகாரி, திருவான்மியூர்*

நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சித்தான் ஜகார்த்தா இறங்கியது. உங்கள் அடுக்குமாடியில் போர்வெல் எத்தனை அடி?

பரந்தூர் விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா? மழுப்பாமல் சொல்லவும்.
*— வாசகர், காஞ்சிபுரம்*

இரண்டாவது விமான நிலையம் வேண்டும். ஏரிகளும் வாய்க்கால்களும் வயல்களும் பின்னிக் கிடக்கிற ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்து அல்ல. 2015ல் மீனம்பாக்கம் ஓடுபாதையில் அடையாறு ஏறி விமானங்கள் நின்றுபோனதை மறந்துவிட்டு, மறுபடி நீர்ப்பிடிப்பிலேயே ஓடுபாதை கேட்கிறோம். அங்கே நிலம் போகிற ஏகனாபுரத்து மக்கள் 2022லிருந்து சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

நல்லது எதுவுமே நடக்கவில்லையா?
*— நம்பிக்கை வாசகி, சேத்துப்பட்டு*

உங்கள் ஊர் ஏரியே சாட்சி. 2016ல் மீட்டுப் பூங்காவாக்கினார்கள். குப்பைமேடாக இருந்த அடையாறு உப்பங்கழி 2011ல் தொல்காப்பியப் பூங்கா ஆனது. பெருங்குடிக் குப்பை மலையைத் தோண்டிப் பிரிக்கிறார்கள். கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்தில் வெள்ள நீர் நிற்கக் குளம் வெட்டியதும் எனக்குப் பிடித்தது. குதிரை மேல் கட்டிய பணம் திரும்புமோ என்னவோ, குளத்தில் கட்டியது திரும்பும்.

தண்ணீருக்குப் பட்டா உண்டா?
*— சட்டக் கல்லூரி மாணவர், திருவள்ளூர்*

கிடையாது. ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007ல் தனிச் சட்டமே இருக்கிறது. ஏரிக்குத்தான் மனு எழுதத் தெரியாது. ஆனாலும் டிசம்பரில் நேரில் வந்து தன் எல்லையை அளந்துவிட்டுப் போகிறது.

ஓ.எம்.ஆரில் ஃபிளாட் பார்க்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
*— புதுமணத் தம்பதி, திருச்சி*

மாடுலர் கிச்சனைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் சர்வே எண்ணை வாங்கி, வருவாய்த் துறை இணையதளத்தில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், கழுவெளி என்று பக்கத்து எண்களில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். பழைய கிராம வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒட்டிவைத்துப் பாருங்கள். நீலம் இருந்த இடத்தில் நீச்சல் குளம் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். தெருமுனை டீக்கடைக்காரரிடம் 2015லும் 2023லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அவர் முழங்காலைக் காட்டினால் பேரம் பேசலாம், இடுப்பைக் காட்டினால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம். புரோக்கர் ஏப்ரலில் வரச் சொல்வார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, டிசம்பரில் போங்கள்.